கன்னத்து மங்கு

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
14 பிப்ரவரி 2006

அன்புள்ள கிளமானுக்கு,

ஞாயிறு போனில் பேசியவள் செவ்வாய்க்கிழமை கடிதம் எழுதுகிறாளே என்று பார்க்காதீர்கள். உங்கள் அம்மா வீட்டுப் போன் கூடத்தில் இருக்கிறது. நீங்கள் கூப்பிடும்போது அத்தை ஒரு பக்கம், உங்கள் தங்கை பொலின் ஒரு பக்கம் நிற்கிறார்கள். நடுவில் நின்றுகொண்டு, சாப்பிட்டீர்களா, குளிர் குறைந்ததா என்பதற்கு மேல் எனக்கு எதுவும் வருவதில்லை.

கிறிஸ்துமஸுக்கு நடந்த நோயல் விருந்தில் எடுத்த போட்டோ வந்து சேர்ந்தது. எனக்கு அனுப்பவில்லை, அத்தைக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அத்தை எனக்குக் காட்டினார்கள். நீங்கள் கொஞ்சம் பருத்திருக்கிறீர்கள். பக்கத்தில் நீலச் சட்டையில் ஒரு பெண், உங்கள் தட்டில் எதையோ வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். "இதுதான் வலேரி. எப்படி கலரு பாத்தியா, பீங்கான் மாதிரி" என்றார்கள் அத்தை. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். உடனே வேறு பக்கம் பார்த்தார்கள்.

என் முகத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு கன்னத்திலும் மங்கு. வயிற்றில் பிள்ளை இருந்தபோது வந்தது. ஏழாம் மாதம் பிள்ளை போய்விட்டது, இது மட்டும் போகவில்லை. விளையாட்டு டீச்சர் வேலையில் காலையும் மாலையும் மைதானத்தில் நிற்கிறேன், வெயிலில் இன்னும் கறுக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "மிஸ், மூஞ்சில டீ கொட்டிடுச்சா" என்று கேட்டாள். அவள் கேட்டது எனக்கு வலிக்கவில்லை. அந்த நீலச் சட்டை வலித்தது.

எங்கள் தெருவைத் தாண்டிப் புதிதாக ஒரு தோல் ஆஸ்பத்திரி வந்திருக்கிறது. மங்குக்கு ஒரு கிரீமைச் சோதித்துப் பார்க்கிறார்களாம், அதற்குப் பெண்கள் தேவை என்று பள்ளிக்கூடத்துக்கு வந்து சொன்னார்கள். போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

மேனகா


சார்செல், பிரான்ஸ்
3 மார்ச் 2006

மேனகா,

என் தமிழ் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் எழுதுகிறது இது.

வலேரி, யோஹானின் தங்கை. யோஹான் என்னோடு ஒரே அறையில் இருப்பவன், நம் ஊர்க்காரன். அவர்கள் வீட்டில் விருந்து, அவள்தான் பரிமாறினாள். எல்லார் தட்டிலும்தான் வைத்தாள். போட்டோக்காரன் என் தட்டுக்கு வரும்போது எடுத்துவிட்டான். இதற்கு ஒரு கடிதமா.

உன் மங்கைப் பற்றி நான் ஒரு நாளாவது ஏதாவது சொன்னேனா? அப்படியே இரு. சோதனை என்கிறாய், அதெல்லாம் எலிக்கும் முயலுக்கும் செய்கிறது. மனுஷிக்கு ஏன்? ஆகஸ்டில் வக்கான்ஸ் கிடைக்கும், ஒரு மாதம் முழு லீவு. நான் வந்த பிறகு ஒரு நல்ல டாக்டரிடம் இரண்டு பேரும் போகலாம்.

யார் அந்த டாக்டர்? ஆணா பெண்ணா? அதை எழுதவில்லை.

கிளமான்


நெல்லித்தோப்பு
2 ஏப்ரல் 2006

அன்புள்ள கிளமானுக்கு,

ஆண். பெயர் செம்மல். நம் வயதுதான் இருக்கும். எழுதாமல் விட்டதற்குக் காரணம், எழுத வேண்டிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

சேர்ந்துவிட்டேன். நீங்கள் வேண்டாம் என்று எழுதியது வந்து சேர்வதற்கு முன்பே கையெழுத்துப் போட்டாகிவிட்டது. நடப்பதை அப்படியே எழுதுகிறேன், கற்பனை செய்துகொள்ளாதீர்கள்.

பெண்களை இரண்டு கூட்டமாகப் பிரிக்கிறார்கள். ஒரு கூட்டத்துக்கு மருந்து போட்ட கிரீம். இன்னொரு கூட்டத்துக்கு மருந்தில்லாத வெறும் கிரீம். இரண்டு ட்யூபும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், மேலே எண் மட்டும் ஒட்டியிருக்கும். எந்த எண்ணில் எது என்பது சென்னையில் வேறு ஆட்களிடம் இருக்கிறது. எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தெரிந்தால் பார்க்கிற கண் ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். வெயில் தாங்கும் கிரீம் மட்டும் எல்லாருக்கும் உண்டு. காலையில் அதைப் பூசிக்கொண்டு, தொப்பி போட்டுக்கொண்டு, முடிந்தவரை நிழலில் நிற்கச் சொன்னார்கள். மைதானத்தில் இப்போது வேப்பமரத்தடியில் நின்றுதான் விசில் ஊதுகிறேன்.

ஒவ்வொரு மாதமும் போட்டோ எடுப்பார்கள். பொட்டு, கம்மல் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். முடியைப் பட்டையால் பின்னுக்குத் தள்ளிவிட்டு, கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டுவார்கள். தாடையை ஒரு தாங்கியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. வேறு யாரோ சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டாம், நானே சொல்கிறேன். ஆறு மாதமும் பிள்ளை உண்டாகக் கூடாது. மருந்து வயிற்றுப் பிள்ளைக்கு ஆகுமா என்று தெரியாது, அதனால். மாதம் ஒரு முறை அதற்கும் சோதனை செய்கிறார்கள். சரி என்று சொல்லியிருக்கிறேன்.

மேனகா


சார்செல்
5 மே 2006

மேனகா,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு பல நாள் எழுதாமல் இருந்தேன். எழுதியிருந்தால் கெட்ட வார்த்தை வந்திருக்கும்.

ஒரு வருஷமாக விமான நிலையத்தில் பெட்டி தூக்கி, ஆகஸ்டு ஆகஸ்டு என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஒரு பிள்ளை வேண்டும் என்று அம்மா ஒவ்வொரு ஞாயிறும் அழுகிறார்கள். எனக்கும் வேண்டும். நீ யாரோ ஒரு செம்மலிடம் போய், புருஷன் வந்தால் பிள்ளை உண்டாகாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாய். என்னிடம் கேட்கவில்லை.

டாக்டருக்கே தெரியாது என்கிறாய். என்னை என்ன நினைத்தாய்? தன் கையால் கொடுக்கிறவனுக்குத் தெரியாதா? உனக்கு நல்லதுதான் கொடுத்திருப்பான். மாதா மாதம் பொட்டை அழித்துவிட்டு அவன் முன்னால் உட்கார்கிறாயே, கொடுக்காமல் இருப்பானா? நான் உன்னைப் பொட்டில்லாமல் எத்தனை தடவை பார்த்திருப்பேன்? குளித்துவிட்டு வரும்போது, அவ்வளவுதான்.

விட்டுவிட்டு வா.

கிளமான்


நெல்லித்தோப்பு
11 ஜூன் 2006

கிளமானுக்கு,

விடவில்லை.

கெட்ட வார்த்தை எழுதக் கூடாது என்று காத்திருந்து நீங்கள் எழுதிய கடிதம் அதைவிட மோசமாக இருந்தது. அப்பா, "இன்னாம்மா எழுதியிருக்காரு மாப்பிள்ளை" என்று கேட்டார். குளிர் விட்டுப்போச்சாம் என்றேன். மில்லில் வேலை பார்த்த காலத்திலிருந்து அவருக்குக் காது மந்தம். ஆனால் முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார்.

மங்கு மங்கத் தொடங்கியிருக்கிறது. இடது கன்னத்தில் நன்றாகவே தெரிகிறது. நானாகச் சொல்லவில்லை. என்னோடு வரிசையில் உட்காருகிற தையல்நாயகி அக்கா சொன்னது. தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் எடுத்து, தெருத்தெருவாக விற்கிறவள். போன தடவை என் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். "ஏம்மா டீச்சரு, உனக்கு மட்டும் எப்படி வெளுக்குது? என்க்கு வெறும் சுண்ணாம்பத் தந்துட்டானுங்க. உன் ட்யூப குடு, என்த நீ எடுத்துக்கோ" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், ஆனால் கையை நீட்டியேவிட்டாள். கொடுக்கவில்லை. அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. அங்கே இருக்கிற எல்லாருக்கும் ஒருத்தி கன்னத்தின் மேல்தான் இன்னொருத்தி கண். எனக்கும்தான். காலாப்பட்டிலிருந்து வருகிற ஒரு பெண்ணுக்கு என்னைவிடச் சீக்கிரம் மங்கிவிட்டது. அவளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நான் யாருக்காக இதைச் செய்கிறேன் என்று நினைக்கிறீர்கள்? அந்த ஊருக்கு நானும் ஒரு நாள் வருவேன். அந்த வலேரி எனக்கும் பரிமாறுவாள். அப்போது என்னைப் பார்த்துவிட்டு உங்களைப் பார்க்கக் கூடாது, பாவம் இவர் என்று.

மேனகா


சார்செல்
14 ஜூலை 2006

மேனகா,

டிக்கெட் எடுத்துவிட்டேன். ஆகஸ்டு 4 சென்னையில் இறங்குகிறேன். மாதா திருநாளுக்கு அங்கே இருப்பேன்.

அடுத்த தடவை நீ ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நானும் வருகிறேன். அவனைப் பார்க்க வேண்டும்.

கிளமான்


நெல்லித்தோப்பு
10 செப்டம்பர் 2006

கிளமானுக்கு,

நல்லபடி போய்ச் சேர்ந்ததாக அத்தை சொன்னார்கள். லீவு முடியும் முன்பே ஏன் புறப்பட்டான் என்று என்னைக் கேட்கிறார்கள். எனக்கென்ன தெரியும் என்றேன்.

நீங்கள் எதிரே இருந்தபோது சொல்ல வராததை இப்போது சொல்கிறேன்.

நீங்கள் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று, காத்திருக்கும் இடத்தில் என் பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தியின் அம்மாவும் இருந்தார். மறுநாள் பத்தாம் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. போட்டோ அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "என் பொண்டாட்டி மூஞ்சில இன்னாடா பாக்குற" என்று கேட்டீர்கள். டாக்டர் அப்போது விரலால் என் தாடையைச் சரிசெய்துகொண்டிருந்தார். எல்லாருக்கும் அப்படித்தான் செய்வார், தையல்நாயகி அக்காவுக்கும். நீங்கள் அவர் சட்டையைப் பிடித்தபோதும் அவர் கத்தவில்லை. "உக்காருங்க சார், பேசலாம்" என்றார். பிறகு ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. அதைக் கேட்டதும் நீங்கள் என் பையிலிருந்த ட்யூபை எடுத்துக்கொண்டு போய் வெளியே சாக்கடையில் வீசினீர்கள். நான் கழுத்தில் வெள்ளைத் துணியோடு, பொட்டில்லாமல், எல்லார் முன்னாலும் நின்றேன். அதை நீங்கள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டிலும் அப்படித்தான். மொட்டை மாடியில் படுத்தீர்கள். பிள்ளை வேண்டும் என்று மே மாதம் எழுதியவர் அவ்வளவு நாளும் என் பக்கம் திரும்பவில்லை.

மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ட்யூப் சாக்கடையில் விழுந்துவிட்டது என்றேன். பொய் இல்லையே. எத்தனை நாள் பூசவில்லை என்று டாக்டர் கேட்டுக் குறித்துக்கொண்டார். அதே எண்ணில் இன்னொன்று கொடுத்தார். "விருப்பமில்லன்னா எப்ப வேணா நின்னுக்கலாம், ஒண்ணும் தப்பில்ல" என்றார். நிற்கவில்லை என்றேன்.

மேனகா


சார்செல்
22 அக்டோபர் 2006

மேனகா,

அவன் என்ன சொன்னான் என்று உனக்குக் கேட்கவில்லை என்கிறாய். எனக்குக் கேட்டது. என் காதுக்குப் பக்கத்தில்தான் சொன்னான். "அவங்க குழந்தை முகத்தைப் பாத்த விஷயமெல்லாம் சொன்னாங்க சார். நிறைய கஷ்டப்பட்டிருக்காங்க, கோபப்படாதீங்க" என்றான்.

நீ முகத்தைப் பார்த்தாயா?

எனக்குத் தெரியாது. உனக்குக் காட்டவில்லை, காட்டக் கூடாது என்று எடுத்துப் போய்விட்டார்கள், அதனால் அதைப் பற்றி உன்னிடம் பேசாதே என்று அம்மா சொன்னார்கள். அந்தத் தடவை நான் வந்து இறங்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. ஒரு மாதம் உன் பக்கத்தில்தான் படுத்திருந்தேன். பேசாதே என்றார்கள், பேசவில்லை. பெண் பிள்ளை என்பதைக்கூட பொலின் சொல்லித்தான் தெரியும்.

அந்த ஆள் உன் கன்னத்தைத் தொட்டதற்காகத்தான் நான் சட்டையைப் பிடித்தேன். அது உண்மை. ஆனால் ட்யூபை வீசியது அதற்காக இல்லை. என் பிள்ளையின் முகம் எப்படி இருந்தது என்று ஒரு தோல் டாக்டருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. மாடியில் படுத்துக்கொண்டு அதைத்தான் நினைத்தேன். உன் பக்கம் திரும்பினால் கேட்டுவிடுவேன், கேட்டால் நீ அழுவாய் என்று திரும்பவில்லை.

என்னிடம் சொல்லாததை அவனிடம் ஏன் சொன்னாய்?

கிளமான்


நெல்லித்தோப்பு
3 டிசம்பர் 2006

அன்புள்ள கிளமானுக்கு,

உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் வைத்துப் படித்தேன். மாணவிகள் கோ-கோ ஆடிக்கொண்டிருந்தார்கள். விசில் ஊத மறந்துவிட்டேன்.

ஏன் சொன்னேன் என்றால், அவர் கேட்டார். அவ்வளவுதான். முதல் நாள் எல்லாரிடமும் கேட்பது போல, "இது எப்ப ஆரம்பிச்சது" என்று கேட்டார். பிள்ளை இருந்தபோது என்றேன். "பிள்ளைக்கு இப்ப என்ன வயசு" என்றார். இல்லை என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். அந்தச் சும்மாவில் எனக்கு எல்லாம் வந்துவிட்டது. அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. அவர் இடத்தில் யார் இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேன். பிள்ளை போன பிறகு நீங்கள் வந்த அன்று என்ன கேட்டீர்கள், ஞாபகம் இருக்கிறதா? "உடம்பு இப்ப பரவால்லையா" என்றீர்கள். அப்புறம் புழுக்கமாக இருக்கிறது என்று எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தீர்கள். பேசாதே என்று அத்தை சொல்லியிருந்தது எனக்கெப்படித் தெரியும்? உங்களுக்கு அவள் வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இனி உங்களுக்குச் சொல்கிறேன்.

பிரசவ வார்டில் சின்னப்பாப்பா என்று ஒரு அம்மா வேலை செய்தார்கள். அத்தை வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். அவர்கள் வெளியே போனதும் சின்னப்பாப்பா அம்மா துணியோடு எடுத்து வந்து, "பாத்துக்கோம்மா, சீக்கிரம்" என்று என் பக்கத்தில் வைத்தார்கள். தூங்குவது போலத்தான் இருந்தாள். நிறம் கொஞ்சம் மாறியிருந்தது. மூக்கு பொலின் மூக்கு. விரல் எல்லாம் நீளம், நகம்கூட இருந்தது. தலையில் நிறைய முடி, ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்தது. ஒதுக்கிவிட்டேன். காதைத் தொட்டேன், அதுதான் மிகவும் மெத்தென்று இருந்தது. அழவில்லை. அழுதால் பார்க்கிற நேரம் போய்விடும் என்று இருந்தது. பிறகு அப்பா வந்து வாங்கிக்கொண்டார். புது வேட்டியைக் கிழித்துச் சுற்றி, உப்பளம் கல்லறைக்கு மடியிலேயே வைத்துக்கொண்டு போனார். ரிக்ஷாவில் துணிமூட்டை போலப் பிடிக்க மனம் வரவில்லை என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார்.

இவ்வளவுதான் டாக்டரிடமும் சொன்னேன். உங்களிடம் இன்னும் கூடுதலாகவே சொல்லியிருக்கிறேன். காதைத் தொட்டதை அவரிடம் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி விஷயம். சோதனை முடிந்தது. போன வாரம் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு, யாருக்கு எது என்று சொன்னார்கள். எனக்குக் கிடைத்தது வெறும் கிரீம். மருந்து இல்லாதது. டாக்டரும் என்னோடு சேர்ந்துதான் தெரிந்துகொண்டார், தாளை இரண்டு தடவை பார்த்தார். தொப்பியும் நிழலும் வெயில் கிரீமும்தான் வேலை செய்திருக்கின்றன என்கிறார். பிள்ளையோடு வருகிற மங்கு சிலருக்குத் தானாகவும் மங்குமாம். தையல்நாயகி அக்காவுக்குத்தான் நல்ல மருந்து. கொளுத்தும் வெயிலில் கூடையோடு அலைகிறவளுக்கு அது என்ன செய்யும்? "நல்லதத்தான் தந்தாங்களாடி எனக்கு" என்று கேட்டாள். அன்று அவளோடு தேங்காய்த்திட்டு வரை நடந்தேன்.

என் கன்னத்தில் இன்னும் கொஞ்சம் மீதி இருக்கிறது. வெறும் கிரீம் வாங்கியவர்களுக்கு இப்போது நிஜ மருந்து தருகிறார்கள், விருப்பப்பட்டால். நிபந்தனை அதேதான், மறுபடி ஆறு மாதம். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உங்களைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்பதற்காக இல்லை. எனக்கும் ஒரு பிள்ளை வேண்டும். மறுபடி அந்த வார்டுக்குப் போகப் பயமாகவும் இருக்கிறது. இது இரண்டும் அந்த டாக்டருக்குத் தெரியாது.

மேனகா


சார்செல்
7 ஜனவரி 2007

என் மேனகாவுக்கு,

புது வருஷத்துக்கு அட்டை வாங்கி வைத்திருந்தேன். உன் கடிதம் வந்த பிறகு அதை அனுப்பத் தோன்றவில்லை.

விமான நிலையத்தில் இடைவேளையில் கையுறையோடு படித்தேன். பெல்ட்டில் பெட்டிகள் வந்து குவிந்து ஒன்று கீழே விழுந்தது. எங்கள் ஷெஃப், மேலாள், வந்து கத்தினான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் யாருக்காவது ஏதாவதா என்று கேட்டான். ஆமாம், என் மகள் என்று சொல்லிவிட்டேன். அவன் என்னை வீட்டுக்குப் போகச் சொன்னான். எனக்கு மகள் இருந்தாள் என்று ஒருவரிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. பிரெஞ்சில் சொன்னேன், தமிழில் வந்திருக்காது.

அறைக்கு வந்து யோஹானிடமும் சொன்னேன். அவன் வலேரியிடம் சொல்லியிருப்பான் போலிருக்கிறது, அவள் உனக்கு ஒரு கம்பளிச் சால்வை கொடுத்துவிட்டாள். அனுப்பட்டுமா, வேண்டாமா? நீ சொன்னால்தான் அனுப்புவேன். உனக்குக் கோபம் வரும் என்றால் யோஹானுக்கே போர்த்திவிடுகிறேன்.

அம்மாவோடு பேசினேன். நீ பார்த்தது அவர்களுக்குத் தெரியும், பிற்பாடு தெரிந்துகொண்டார்கள். என் மனசு தாங்காது என்று மறைத்தார்களாம். கத்தினேன். பிறகு பொலின் போனை வாங்கி, "அம்மா அழுவுறாங்க அண்ணே, வுட்டுடு" என்றாள். விட்டுவிட்டேன்.

மருந்து உன் இஷ்டம். போட்டுக்கொண்டால் ஆறு மாதம் பொறுக்கிறேன். வேண்டாம் என்றால் லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுக்கிறேன். உன் பப்பியே, அதாவது விசாக் காகிதங்கள் விஷயமாகக் கான்சுலேட்டில் ஒரு காகிதம் கேட்டார்களே, அந்தக் காகிதம் நாந்த் பதிவு அலுவலகத்திலிருந்து வந்துவிட்டது, நீ இங்கே வருவதற்கு இனி அதிக நாள் ஆகாது. பயம் என்று எழுதியிருக்கிறாய். எனக்கும் பயம்தான். இந்தத் தடவை வார்டு வாசலில் நான் இருப்பேன், பெல்ட்டில் என்ன வந்து விழுந்தாலும் சரி.

ஆகஸ்டில் செய்ததற்கு டாக்டருக்குத் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன், நான் பிரெஞ்சில் எழுத, யோஹான் தமிழாக்கினான். நீ கொண்டுபோய்க் கொடு. ஆனால் உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அவன் மேல் எனக்கு இன்னும் பொறாமை போகவில்லை. அந்தச் சின்னப்பாப்பா அம்மா மேலும் இருக்கிறது. மடியில் வைத்துக்கொண்டு போன மாமா மேலும் இருக்கிறது. அவர் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும், ஆனாலும் இருக்கிறது. எனக்கு முன்னால் அவளைப் பார்த்த எல்லார் மேலும் இருக்கிறது.

நிறைய முடி இருந்தது என்று எழுதியிருக்கிறாய். ஈரத்தில் தெரிந்திருக்காதோ என்னவோ. இருந்தாலும் யோசித்துப் பார்த்து எழுது. என் முடி மாதிரி சுருட்டையாக இருந்ததா?

கிளமான்